இனிப்பு ஆகாதவர்

காலை ஏழு மணிக்கு மருதுபாண்டி இரண்டு இட்லியைத் தின்றான். அதற்கு அந்த வீட்டில் கிளம்பிய ரகளையைக் கேட்டவர்கள், அவன் கோயில் உண்டியலை உடைத்துவிட்டான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அன்று அவன் அப்பா குழந்தைவேலுவின் திதி. படையல் முடியும்வரை ரத்த உறவுகள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருப்பது அமராவதிபுதூரில் அந்தக் குடும்பத்தின் வழக்கம்.

"அப்பனுக்குப் படைக்கிறதுக்கு முந்தி வாய நனைச்சுட்டியேடா... இவ குடுத்தா நீயும் திம்பியா?" என்றாள் அழகி. கேள்வி மகனுக்கு, முறைப்பு மருமகளுக்கு.

"சக்கர ஊசி போட்டாச்சு அத்தை. சாப்பிடலைன்னா மயக்கம் வந்துரும்," என்றாள் சித்ரா.

"ஊசியாம் ஊசி. ஒன் கைச்சோறு திங்க ஆரம்பிச்ச பெறகுதான் எம்மகன் அதெல்லாம் கண்டான். எங்க வம்சத்துல எவனுக்கும் இந்தச் சீக்கு கெடையாது. அவன் கால் வெரல வாங்குனது டாக்டரில்ல, ஒன் எண்ணெச்சட்டி. அவுக படையலுக்கு நீ அடுப்புல கை வைக்காத. எலயத் தொடச்சுப் போடு, போதும்."

போன தை மாதம் மருதுபாண்டியின் இடது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். வயது முப்பத்தெட்டுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் சித்ராவின் சமையல் குற்றவாளிக் கூண்டில் நின்றது. அவள் வாய் திறக்கவில்லை. சொல்ல ஒன்று இருந்தது. செக்காலை ரோட்டில் அவன் பெயிண்ட் கடை வைத்திருந்தான். அவள் கட்டிக் கொடுத்த கேப்பைக் களியும் கீரையும் பக்கத்துக் கடைக்காரருக்குப் போகும். இவனுக்குப் பரோட்டா வரும். நாலு வேளை டீ, கூடவே பஜ்ஜி. கண்டுபிடித்த அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். 'ஆத்தாவுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிரும் சித்ரா... சொல்லிராத.' தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு அவன் பெயரைக் காப்பாற்றினாள் அவள். பெண்டாட்டிகளின் புத்தி அப்படி.

ஆனால் சித்ராவுக்கு எதையும் அப்படியே விட்டுவிட வராது. ரேஷன் கடை வரிசை ஏன் எப்போதும் இடப்பக்கமே வளைகிறது என்றுகூட நின்று யோசிக்கிறவள். இலையைத் துடைத்துப் போட்டுவிட்டு, மாமியார் ஒவ்வொன்றாக வைப்பதைப் பார்த்தாள். செத்தவருக்குப் பிடித்ததைத்தான் படைப்பார்கள். பாகற்காய் வறுவல், சரி. சீனி போடாத காப்பி, அதுவும் சரி. ஒரு கிண்ணத்தில் ஊறவைத்த வெந்தயம்.

வெந்தயத்தை ஆசைப்பட்டுத் தின்ற மனிதர் உலகத்தில் உண்டா? அவள் இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருடம். மாமனார் அதற்கு முன்பே தூக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை அவள் அறிந்தது இந்த இலையில்தான்.

"அத்தை, மாமாவுக்கு வெந்தயம் அம்புட்டுப் பிடிக்குமா?"

"தெனமும் காலையில தின்னாக. மணி எட்டாயிருச்சு, கேள்வியக் கொறை."

"காப்பிக்குச் சீனி மட்டும் ஏன்..."

"அவுகளுக்கு இனிப்பு ஆகாது. வருசா வருசம் சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன்?"

வருடா வருடம் சொன்னதுதான். வருடா வருடம் எல்லாரும் கேட்டதுதான். இன்று அந்தச் சொல் சித்ராவின் காதில் வேறு மாதிரி விழுந்தது.

"பிடிக்காதா அத்தை... ஆகாதா?"

சுவரோரம் பசியோடு உட்கார்ந்திருந்த கொழுந்தன் கோபிநாத் சிரித்தான். "அதென்ன மதினி பிடிக்காது? நான் சின்னப்பிள்ளையா இருக்கையில அப்பா முழுக் கருப்பட்டியக் கடிச்சுத் திங்கும். பெறகுதான் விட்டுருச்சு."

"ஏன் விட்டாக?"

அழகியின் கையிலிருந்த காப்பி தளும்பி இலையில் சிந்தியது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒங்க மாமா சத்தியம் வாங்கிக்கிட்டாகடி," என்றாள். "அவுகளுக்கும் இந்தச் சீக்கு அம்பத்தெட்டு வயசுல வந்துச்சு. சீக்காளிக் குடும்பம்னு தெரிஞ்சா எம்பயலுகளுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு, மாத்திரையப் பம்புசெட்டு ரூம்புல ஒளிச்சு வச்சுத் தின்னாக. பெத்த பிள்ளைகளுக்கும் சொல்லல. எனக்கு மட்டுந்தான் தெரியும். அந்த வெந்தயத்தப் பத்து வருசம் நாந்தான் ஊறப் போட்டேன். செத்த பெறகு மட்டும் விட்டுருவாகளா..."

சித்ராவுக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை நாள் தன் தலையில் போட்ட பழி மொத்தமும் நெஞ்சில் வந்து முட்டியது. அடுத்த நொடியே அந்தக் கிழட்டு முகத்தைப் பார்த்தாள். இவளும் ஒரு ஆணின் ரகசியத்தை விழுங்கிக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"அப்ப அவுக ரத்தந்தான் எம்பிள்ளையக் கெடுத்துச்சா?" என்றாள் அழகி.

"ரத்தம் மட்டும்னா மாமாவுக்கும் இவுகளுக்கு வந்த வயசுலயே வந்துருக்கணுமே அத்தை?" சித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டே கணக்குப் போட்டாள். "வெதை ஒண்ணுதான். மாமா விடிஞ்சா வயலு, சாஞ்சா கம்மாக்கரைன்னு நடந்தாக. அம்பத்தெட்டு வரைக்கும் அது மண்ணுக்குள்ளயே கெடந்துச்சு. இவுகளுக்கு..."

நிறுத்திவிட்டாள். புருஷனுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது.

"எனக்கு நாந்தான் தண்ணி பாய்ச்சுனேன்," என்றான் மருதுபாண்டி.

பெயிண்ட் கடை, பரோட்டா, பஜ்ஜி, இடம் மாறிய தூக்குவாளி என்று எல்லாவற்றையும் தலையைக் குனிந்தபடி சொன்னான். "இவ களியும் கீரையுந்தான் கட்டிக் குடுத்தா ஆத்தா. நாந்தான் சொல்லாதன்னேன். நீ திட்டும்போதெல்லாம் இவ மொகத்தப் பாக்க முடியாம கடைக்கு ஓடிப் போயிருவேன்."

அழகி எழுந்தாள். கை நீட்டி மருமகளின் முகத்தைத் தடவினாள். "என்னென்ன பேசிப்புட்டேன்... ஒரு தடவ திருப்பிச் சொல்லியிருக்கக் கூடாதாடி எம்மகளே?" சித்ரா அவள் தோளில் முகம் புதைத்து, தை மாதத்திலிருந்து சேர்த்து வைத்த அழுகையை அழுது தீர்த்தாள்.

அழுகை முடிந்ததும் அவள் கண் கோபிநாத்தின் மேல் போனது. முப்பத்திரண்டு வயது. அதே வெதை. 'எங்க அப்பாவுக்கே இல்ல, எனக்கு எப்படி வரும்' என்று குளிர்பானப் பாட்டிலும் கையுமாகத் திரிகிறவன்.

"தம்பி, நேத்து ராத்திரிக்குப் பெறகு எதுவும் சாப்பிடலேல்ல? வெரலக் குடுங்க."

கணவனுக்கு வாங்கிய சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்து வந்து குத்தினாள். நால்வரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார்கள். நூற்றுப் பதினெட்டு.

"சீக்குன்னு சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. வரப்புல நிக்குது," என்றாள் சித்ரா. "நாளைக்கு டாக்டர்ட்டப் போயி முழுசாப் பாத்துருவோம். அந்தப் பாட்டில விட்டுட்டு நடந்தீகன்னா இன்னும் நாள் இருக்கு தம்பி." கோபிநாத் முதல் தடவையாகச் சிரிக்காமல் தலையாட்டினான்.

அழகி சிந்திய இலையை எடுத்துவிட்டுப் புது இலை போட்டாள். "போத்தா, நீயே போயிச் சோத்த வடி. அவுக ஒன் கைச்சோறு இன்னும் திங்கல."

பதினோரு மணிக்குக் குழந்தைவேலுவின் தங்கை சந்திரலேகா ஆட்டோவில் வந்து இறங்கினாள். இலையைப் பார்த்தாள். அடுப்படியில் சித்ராவைப் பார்த்தாள்.

"என்ன மதினி, இந்த வருசமும் அண்ணனுக்கு ஒரு இனிப்புக் கெடையாதா? அடுப்புல வேற இவளையா விட்டீக? இவ சமையல்தான் மருதுவ..."

"ஒங்க அண்ணனுக்குச் சக்கர வியாதி இருந்துச்சு," என்றாள் அழகி. தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "பத்து வருசம். நாந்தான் மறைச்சேன். எம்மருமக சமையல்ல ஒரு கொறையும் கெடையாது."

சந்திரலேகா மறுபடியும் இலையைப் பார்த்தாள்.

"அண்ணன் படையல்னா நீயும் பச்சத்தண்ணி குடிக்க மாட்டியே. ஒனக்கும் அதே ரத்தந்தான்," என்று நாத்தனாரின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள் அழகி. "சித்ரா, அந்த மெசின எடுத்துட்டு வாத்தா."