அவன் குரலில் அப்பா

"பேசும் பெட்டி செய்யற கூட்டம்... இங்கதானே?"

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவளின் முடி நுனியிலிருந்து மழைத்துளிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து ஏதோ ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தவன் அவசரமாக எழுந்தான். எழுந்த வேகத்தில் தலையை இடித்துக்கொண்டான். தலையைத் தேய்த்தபடியே அவளைப் பார்த்தான்.

அவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். எந்த முகத்தைப் பார்த்தாலும் முதலில் கண்களைத்தான் அளப்பாள். இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே அறுபத்து நான்கு மில்லிமீட்டர் என்று மனம் தானாகக் குறித்துக்கொண்டது. கருப்பு என்று சொல்ல முடியாத, டீ நிறக் கண்கள். அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை. அவ்வளவுகூடப் பார்த்திருக்கக் கூடாது என்று பிறகு நினைத்துக்கொண்டாள்.

அந்த இடத்துக்குக் கூட்டுப் பட்டறை என்று பெயர். கதவில் 'ஹேக்கர்ஸ்பேஸ்' என்றும் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒரு பழைய அச்சகத்தின் பின்பக்க அறை அது. ஒயர் பற்றவைக்க ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு லேசர் வெட்டும் இயந்திரம், இரண்டு தையல் மெஷின், எண்ண முடியாத ஒயர்ச் சுருள்கள். எல்லாம் எல்லோருக்கும் பொது. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, மேலே 'வரவிருக்கும் கூட்டங்கள்' என்ற தலைப்பு. திங்கள், சைக்கிள் பழுது பார்த்தல். புதன், ரேடியோ கேட்போர் சந்திப்பு. வியாழனுக்கு நேரே ஒன்றுமில்லை.

"எ... எந்தக் கூட்டம்?" என்றான்.

அவள் போனை நீட்டினாள். அவர்களுடைய இணையப் பக்கம்தான். வியாழன் மாலை ஆறு மணி: தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பின் பேச முடியாதவர்களுக்குப் பேசும் பெட்டி செய்வோம், வாருங்கள்.

அவன் முகம் வெளுத்தது.

"இ... இது சோதனைக்குப் போட்டது. த... தலைப்பு நீளமா இருந்தா பக்கம் உடையுதான்னு பாக்க... அ... அழிக்க மறந்துட்டேன்."

"சோதனையா?"

"ம... மன்னிச்சிடுங்க."

"அரை நாள் லீவு போட்டு, ரெண்டு பஸ் மாறி, மழையில வந்திருக்கேன். நீளமா வேணும்னா உங்க வீட்டு விலாசத்தப் போட்டிருக்கலாமே! எங்கப்பாவோட தொண்டைதான் கெடச்சுதா?"

சொன்ன பிறகுதான் குரல் உடைந்துவிட்டதை அவள் உணர்ந்தாள். திரும்பினாள். கதவருகே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருத்தி காலை நீட்டி வழியை மறித்தாள்.

"உக்காரு கண்ணு. அழறதுன்னாலும் உக்காந்து அழு. இவன் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில ஆளுங்கள நிறுத்தி வெச்சுப் பழக்கம்."

உட்கார்ந்தாள். மெல்ல மெல்லச் சொன்னாள். அப்பா இருபத்தெட்டு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். 'கிளட்ச் மிதி! மிதின்னா மிதிக்கணும்!' என்று அவர் போட்ட சத்தத்தில் ஓட்டக் கற்றவர்கள்தான் பாதி ஊரும். ஏழு மாதம் முன்னால் புற்றுநோய் என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். வீட்டில் ஒரு சிலேட்டு இருக்கிறது. ஆனால் எழுதுவது பேசுவது ஆகுமா...

"ஒரு தடவ... ஒரே ஒரு தடவ அவர் வாயத் திறந்து என்னக் கூப்பிடற மாதிரி கேக்கணும். அவ்வளவுதான்."

அவன் பேனாவை எடுத்தான். பலகைக்குப் போனான். வியாழனுக்கு நேரே 'பேசும் பெட்டி, அடுத்த வாரம் முதல்' என்று எழுதினான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கூட்டமானாலும் முந்தின நாள் மாலைக்குள் மூன்று பேராவது பெயர் எழுத வேண்டும். இல்லையென்றால் தயவு தாட்சண்யம் இல்லாமல் அழித்துவிடுவார்கள். அவன் தன் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை அக்காவிடம் கொடுத்தான். அக்கா எழுதிவிட்டு அவளிடம் நீட்டினாள்.

"சோதனைக்குப் போட்டதுல நீதான் முதல் ஆளா வந்து மாட்டியிருக்க. எழுது."

அவள் எழுதினாள்.

பெட்டி செய்வது கடினமாக இல்லை. பெரிய எழுத்துகளுள்ள விசைப்பலகை, ஒரு சின்னக் கணினிப் பலகை, ஒரு ஸ்பீக்கர். தட்டுகிற எழுத்துகளை வரிசையாக ஒலிக்கும். ஆனால் யாருடைய ஒலி? அப்பாவின் குரல் ஒரே ஒரு வீடியோவில்தான் இருந்தது. அதிலும் "போதும், ஆஃப் பண்ணு" என்கிறார். மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைப் பேசவைக்க முடியாது.

"ஆம்பளக் குரல் வேணும். தம்பி, நீ குடு," என்றாள் அக்கா.

அவன் சிரித்தான். சிரிப்பில் வலி தெரிந்தது. "அ... அக்கா, நா... நான் ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ள பெ... பெட்டியோட பேட்டரி தீந்துடும்."

"வாக்கியம் எதுக்குடா? ஒவ்வொரு எழுத்தா சொல்லு."

அப்படித்தான் ஆரம்பித்தது. துணி வைக்கும் அலமாரிக்குள் பழைய மெத்தையைச் சுற்றிக் கட்டி, அதற்குள் மைக்கை வைத்தார்கள். அவள் வெளியே பட்டியலோடு உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் காட்டுவாள். அவன் சொல்வான். தனி எழுத்தில் அவனுக்குத் திக்கவே இல்லை! க, கா, கி, கீ... 'பக்கம்' என்பதில் வரும் 'க' வேறு, 'பங்கு' என்பதில் வரும் 'க' வேறு என்று பிரித்ததில் எண்ணிக்கை முந்நூற்றுப் பன்னிரண்டு ஆனது. ஐந்து வியாழக்கிழமைகள்.

"ஙௌ," என்று படித்தாள் ஒரு நாள். "இது எதுக்கு? யாராவது வாழ்க்கையில ஙௌன்னு சொல்லியிருக்காங்களா?"

"எ... எங்க மேனேஜர். தூ... தூக்கத்துல."

அவள் சிரித்துவிட்டாள். ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு. உடனே குற்ற உணர்வு வந்தது. வீட்டில் அப்பா, மூச்சுவிடப் போட்ட கழுத்துத் துளையில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும்போது இங்கே என்ன சிரிப்பு...

ஐந்தாவது வியாழன் எல்லா ஒலிகளையும் சேர்த்தார்கள். அவன் 'மழை பெய்கிறது' என்று தட்டினான். பெட்டி சொன்னது. அவன் குரல்தான். கொஞ்சம் கட்டை, கொஞ்சம் தட்டை. ஆனால் எங்கும் நிற்காமல், எங்கும் இடறாமல் முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்தது.

அவன் மறுபடி தட்டினான். மறுபடியும். மூன்றாவது தடவை கேட்டபோது அந்த டீ நிறக் கண்கள் நிறைந்துவிட்டன.

"இ... இப்படித்தான் இருந்திருக்குமா..." என்றான், தனக்கே.

அவள் கையில் இருந்த பட்டியலை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவன் கையைத் தொட வேண்டும்போல இருந்தது. தொடவில்லை.

மறுநாள் சாயங்காலம் இருவருமாகப் பெட்டியை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெட்டியை ஒரு காரைப் பார்ப்பதுபோல எல்லாப் பக்கமும் பார்த்தார். அவனைப் பார்த்து, 'நீயா?' என்று புருவத்தை உயர்த்தினார். அவன் தலையாட்டினான். அவள் அப்பாவின் மடியில் விசைப்பலகையை வைத்தாள்.

"கூப்பிடுங்கப்பா. என்னக் கூப்பிடுங்க."

ஒற்றை விரலால் அப்பா தட்டினார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி. பிறகு பொத்தானை அழுத்தினார்.

"பாப்பா," என்றது பெட்டி.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் தட்டினார். மறுபடி அழுத்தினார்.

"ஆஸ்பத்திரி வேண்டாம். திங்கட்கிழமை என்னக் கூட்டிட்டுப் போகாதே. போதும்."

 நோய் திரும்பியிருந்தது. திங்கட்கிழமை இரண்டாவது சுற்றுச் சிகிச்சை தொடங்குவதாக டாக்டர் தேதி கொடுத்திருந்தார். சிகிச்சை வேண்டாமென்றால் என்ன ஆகும் என்பதை அப்பாவுக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் அவனை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"சந்தோஷமா? உங்க குரல்லயே சொல்லிட்டாரு. சாகப் போறேன்னு உங்க குரல்ல சொல்லிட்டாரு!"

"நா... நான்..."

"பேசாதீங்க. இனிமே உங்க குரல நான் கேக்கக் கூடாது. போங்க."

அவன் போனான். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவள் பேசாதே என்றதால்.

கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஆனால் அந்தக் குரல் வீடு முழுக்க இருந்தது. காலையில் "ஜன்னலைத் திற" என்றது. "டீ ஆறிடுச்சு" என்றது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைப் பின்னால் எடுக்கத் திணறியபோது, "ஸ்டியரிங்கை ஒடிடா, சோம்பேறி!" என்று ஜன்னல் வழியாகக் கத்தியது. அப்பா தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். திங்கட்கிழமை வந்தது, போனது. அவர்கள் போகவில்லை. அதற்கடுத்த திங்களும் போகவில்லை. அப்பாவின் மணிக்கட்டில் வாட்ச் தளர்ந்து முழங்கை வரை ஏறி இறங்கியது.

மூன்றாவது வாரம், அவள் அவருக்குச் சட்டை மாற்றிவிட்டபோது அவர் பெட்டியை இழுத்துத் தட்டினார்.

"அந்தத் தம்பி ஏன் வரல?"

அவள் சட்டைப் பொத்தானைப் போடுவதிலேயே கண்ணாக இருந்தாள்.

"அவன் குரலை வாங்கி வெச்சுக்கிட்டு அவனைத் துரத்திட்டியா?"

அவனுடைய குரலே கேட்டது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு பயமா இருக்குப்பா..."

அப்பா தட்டவில்லை. அவள் தலையில் கையை வைத்தார். அந்தக் கையில் எடையே இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

அன்று வியாழக்கிழமை. ஆறு மணிக்கு அவள் பட்டறைக் கதவைத் திறந்தாள். அக்கா நிமிர்ந்து பார்த்தாள், கையிலிருந்த துணியைச் சுருட்டினாள், "எனக்கு நூல் தீந்துடுச்சு" என்று முழு நூல்கண்டோடு வெளியே போனாள்.

அவன் எழுந்து நின்றான். பேசவில்லை. மேசையில் கிடந்த காகிதத்தை எடுத்து, 'அப்பா எப்படி இருக்கிறார்?' என்று எழுதி அவள் பக்கம் திருப்பினான்.

அவளுக்கு அழுகை முட்டியது. இவ்வளவு சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளை என்ன செய்வது...

"நாள் எண்ணிக்கிட்டு இருக்காரு," என்றாள். "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அவர் சொன்னது எனக்குப் புதுசு இல்ல. ரெண்டு மாசமா சிலேட்டுல அதையேதான் எழுதிக் காட்டினாரு. ஆஸ்பத்திரி வேண்டாம்னு. நான் படிக்காத மாதிரி துடைச்சுடுவேன். தினமும் துடைப்பேன். பேசினா அப்படிச் சொல்ல மாட்டாருன்னு... என் பேரைத்தான் சொல்வாருன்னு... அவ்வளவு முட்டாள் நான். உங்க குரலத் துடைக்க முடியல. அதான் உங்க மேல கோவம்."

அவன் பேனாவை எடுத்தான். அவள் அதைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"எழுதாதீங்க. பேசுங்க."

அவன் தலையை அசைத்தான். முடியாது என்று.

"வீட்டுல அந்தப் பெட்டி ஒரு இடத்துலகூட நிக்காம பேசுது. அது எங்கப்பா. இப்போ நான் அப்பாவக் கேக்க வரல. நின்னு நின்னு பேசுவாரே, அவரக் கேக்க வந்தேன்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவன் வாய் திறந்தது, மூடியது. கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டது.

"உ... உ... உங்கள..."

அடுத்த சொல் என்னவென்று அவளுக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அது அவனுடைய சொல்.

"உங்கள எ... எனக்கு... மு... முதல் நாளே... பு... புடிச்சுப் போச்சு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வந்தது.

"எனக்கும்தான்," என்றாள். "ஆனா இப்போ என்கிட்ட சிரிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் கொஞ்ச நாள்ல அவர் இருக்க மாட்டாரு. அப்புறம் ரொம்ப நாளைக்கு நான் அழுதுகிட்டேதான் இருப்பேன். எரிஞ்சு விழுவேன். உங்களப் போகச் சொன்னாலும் சொல்வேன். அப்பவும்... கூட இருப்பீங்களா?"

அவன் பதில் சொல்ல முயன்றான். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. கண்ணை இறுக மூடினான், மூச்சை இழுத்தான், மறுபடி முயன்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் பிடித்தது என்று அவள் கணக்கு வைக்கவில்லை.

"இ... இருப்பேன்."