ஒற்றைச் சொல்லில் அடங்காதவை

நூலகத்தில் அந்த ஜெர்மன் இலக்கண நூலின் ஒரே பிரதிமேல் இரண்டு கைகள் சேர்ந்து விழுந்தன.

"நான்தான் முதல்ல எடுத்தேன்."

"எடுக்கலீங்க... தொட்டீங்க. ரெண்டும் வேற வேற வினை."

அவள் நிமிர்ந்தாள். எதிரே மழையில் நனைந்த தலை... சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள். துறையில் புதிதாகச் சேர்ந்த ஆய்வாளன். அவளுடைய தலைப்பேதான் அவனுக்கும். 'முடிவு எடு' என்றால் பொருளெல்லாம் 'முடிவு' மேல். 'எடு' சும்மா துணைக்கு வருகிறது. ஜெர்மனில் இப்படி வரும் பெயர்ச்சொல்-வினை இணைகளை வரையறுத்து வகைபிரிப்பதுதான் இருவருக்கும் வேலை.

வேறு வழியின்றி ஒரே மேசையில் அமர்ந்து படித்தார்கள்.

"ஜெர்மன்காரங்க முடிவை எடுக்க மாட்டாங்க, சந்திப்பாங்க," என்றான் ஒரு நாள்.

"சந்திச்சு... நலமான்னு கேப்பாங்களோ?"

நூலகர் முறைக்கும்வரை சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே அவள் சீக்கிரம் வரத் தொடங்கினாள். ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

துறைக் கருத்தரங்கில் வந்தது வினை. 'முடிவு எடு' என்பது 'தீர்மானி' ஆவதுபோல் ஒற்றை வினையாக மாற்ற முடிவது மட்டுமே இந்த வகை என்று அவள் வரையறுத்தாள். அவன் எழுந்தான்.

"ஒரு பொருள் கைவசம் இருக்குன்னு சொல்ல, 'கைவசத்துக்கு நிக்குது'ம்பாங்க ஜெர்மன்ல. அதை மாத்த ஒத்தை வினை கிடையாதே... எங்க சேர்ப்பீங்க?"

அவள் தன் குறிப்புகளைப் புரட்டினாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முகம் சிவக்க வெளியேறினாள்.

அன்று மாலை அவன் அழைத்தான். எடுக்கவில்லை. மறுநாளும் அழைத்தான்... அதற்கு மறுநாளும். போனைக் கவிழ்த்து வைத்தாள். கெஞ்சட்டும். பிறகு அழைப்பு நின்றது. அவன் துறைக்கும் வரவில்லை.

கோபம் ஆறியதும் அத்தியாயத்தைத் திருத்தினாள். மாற்ற முடிபவை, முடியாதவை என இரு வகை. அவன் சொன்னதுதான் சரி. அதைச் சொல்லத்தான் மழையோடு மழையாக அவன் வீட்டுக்குப் போனாள்.

அவன் அக்கா கதவைத் திறந்தாள். உள்ளே வெறும் கட்டில், மடித்து வைத்த போர்வை.

"வினைச்சொல்லுக்குச் சண்டை போடுற பொண்ணு நீங்கதானா? அம்மா படுக்கையில கிடந்தப்ப உங்களைப் பாக்கணும்னு கேட்டுட்டே இருந்தாங்க... போன வாரம் போயிட்டாங்க."

அந்த அழைப்புகள் எதற்கென்று புரிந்தது.

அவன் வந்தான். இளைத்திருந்தான். கண்களில் அந்தச் சிரிப்பு இல்லை.

"நீங்க கூப்பிட்டதைப் பாத்தேன். வீம்புக்குத்தான் எடுக்கல..." என்றாள். "என்னை மன்னிக்க வேணாம்."

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான்.

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு அம்மாகிட்ட சொன்னேன். 'அவ என்னடா சொன்னா?'ன்னு கேட்டாங்க. உங்ககிட்ட நான் சொல்லவே இல்லையே..." தலை குனிந்தான். "'அவளுக்கும் சம்மதம், அம்மா'ன்னு சொல்லிட்டேன். நிம்மதியா கண்ணை மூடினாங்க. கடைசியா அவங்ககிட்ட பேசினதே பொய்தான்."

அவள் கண்ணீரைத் துடைக்கவில்லை. அவன் கையைப் பற்றினாள்.

"பொய் இல்லீங்க... அப்பவும் பொய் இல்ல."