ஆபரேஷனுக்கு முன் ஒரு மன்னிப்பு

“ஐயோ... அம்மா!”

மலாக்காவின் பத்து பெரண்டாம் ஊரில், தன் வீட்டில் சின்னப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான்.

வலது விலாவுக்குக் கீழே அப்படியொரு வலி! உடம்பு அனலாய்க் கொதித்தது. தட்டுத்தடுமாறி எழுந்து கண்ணாடியைப் பார்த்தான்.

இரண்டு கண்களும் மஞ்சள்!

அவன் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கணையப் புற்றுநோய். மூன்றே மாதத்தில் ஆள் போய்விட்டார்.

‘அவ்வளவுதான்... என் கதையும் முடிஞ்சுது!’

மலாக்கா டவுன் மருத்துவமனையில் டாக்டர் கோகுலராஜ் ஸ்கேனைக் காட்டினார்.

“பித்தப்பையில கல்லு. ஒண்ணு நழுவி வந்து பித்தக் குழாயை அடைச்சிருச்சு. அதான் மஞ்சள், காய்ச்சல் எல்லாம். கல்லையும் பித்தப்பையையும் எடுத்துடணும்.”

“கேன்சர்தானே டாக்டர்? மறைக்காதீங்கலா!”

“கல்லுதாங்க! ஆனா லேட்டா வந்துட்டீங்க. சீழ் பிடிச்சிருக்கு. கொஞ்சம் ரிஸ்க்தான்.”

ரிஸ்க்! அந்த ஒரு வார்த்தை போதாதா? சின்னப்பன் சாவுக்குத் தயாராகிவிட்டான்.

மாதா கோயில் ஜெபக் குழு வந்து கட்டிலைச் சுற்றி நின்றது. அவர்களிடம் ஒரு வழக்கம். ஆபரேஷனுக்குப் போகிறவர், மனஸ்தாபம் உள்ளவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார். திருப்பித் தராத குடை, வாய் தவறிய வசவு... பெரும்பாலும் இவ்வளவுதான்.

சின்னப்பனின் பார்வை கேத்லீனிடம் போய் நின்றது. குழுத் தலைவி. கோலா சுங்கை பாரு கடலில் மூழ்கிப்போன டாரியஸின் மனைவி. டாரியஸும் சின்னப்பனும் ஒரே படகில் மீன் பிடித்தவர்கள்.

“கேத்லீன்... மத்தவங்கள வெளிய போகச் சொல்லும்மா.”

மற்றவர்கள் கட்டிலை விட்டு நகர்ந்தார்கள். அவள் கட்டிலைச் சுற்றித் துணித் திரையை இழுத்துவிட்டாள்.

“சொல்லுங்கண்ணே.”

“டாரியஸ் தவறி விழல... போட்ல சண்டை. நான்தான் தள்ளிவிட்டேன்! நீந்தி வந்து போட்டைப் பிடிச்சான்... கட்டையால அடிச்சுட்டேன்!”

கேத்லீன் கட்டிலை விட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

“சாகப் போறவன்மா... மன்னிச்சிடு!”

அவள் விருட்டென்று வெளியே ஓடினாள். டாக்டரிடம் அவள் கதறியது சின்னப்பனுக்குத் தெளிவாகக் கேட்டது.

“டாக்டர்! அவர் சாகக் கூடாது! எப்படியாச்சும் காப்பாத்துங்க! ரத்தம் வேணும்னா என் ரத்தத்தை எடுத்துக்குங்க!”

சின்னப்பன் பொலபொலவென்று அழுதான். எப்பேர்ப்பட்ட மனசு இவளுக்கு! இவள் தாலியையா அறுத்தேன்... பாவி நான்!

கண் விழித்தபோது டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நான் சொன்னேன்ல? கல்லுதான். எடுத்தாச்சு! இன்னும் முப்பது வருஷம் தாராளமா இருப்பீங்க.”

சின்னப்பன் சுற்றும் முற்றும் பார்த்தான்.

பிழைத்துவிட்டானா? அப்படியானால்... சொன்னதெல்லாம்?

கட்டிலருகே கேத்லீன். அவள் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் காளிதாஸ்.

“நீதானம்மா... காப்பாத்தச் சொன்னே?”

“ஆமா! ஊசி போட்டு, தூங்குற மாதிரி செத்துடலாம்னு பார்த்தீங்களாண்ணே? என் புருஷன் தண்ணியில எப்படித் துடிச்சிருப்பாரு! நீங்க இருக்கணும். ஜெயில்லயே கெடந்து, கெழவனாகணும்!”

“இவ சொன்னா போதுமா? சாட்சி?” சின்னப்பன் முனகினான்.

இன்ஸ்பெக்டர் அவன் கையைக் கட்டில் கம்பியோடு விலங்கிட்டார்.

“சுவரா இருந்துச்சு? துணித் திரைதானேலா! அந்தப் பக்கம் ஜெபக் குழு மொத்தமும் நின்னு கேட்டிருக்கு.”

சின்னப்பன் கண்களை இறுக மூடிக்கொண்டான். சாவு வரவில்லை.

டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “சார்... இவர் கொஞ்ச நாளைக்கு எண்ணெயைத் தொடவே கூடாது.”

“கவலையே படாதீங்க டாக்டர்! எங்க ஜெயில் குழம்புல எண்ணெய் இருந்தா, அதுக்குத் தனியா ஒரு கேஸே போடுவோம்!”