ஒரு பக்க ஆட்டநெறி

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் மிதவூரில் நாற்பது மேசைகள் ஒரே நேரத்தில் விரிக்கப்படும். மேசைக்கு நான்கு பேர். பகடைகள், வேடத்தாள்கள், நடுவில் பேச்சைப் பதிந்துகொள்ளும் கைக்கடக்கமான ஒரு கேட்பான். தூத்துக்குடிக் கரையிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளி, கடல்பாசி வளர்க்கும் மிதவைகளின் மேல் குடியிருக்கும் எங்களுக்கு இது ஓட்டுப் போடுவது மாதிரி ஒரு கடமை. வராதவர்கள் திங்கட்கிழமை காரணம் எழுதித் தர வேண்டும்.

எங்கள் மேசைக்கு நான்தான் நெறியாள். பெயர் பிரகாசி, உப்புநீக்கு ஆலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். கதையைத் தொடங்குவதும், நடுவில் புயலையோ கசிவையோ கொண்டுவந்து இறக்குவதும், விதிப்புத்தகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் என் வேலை. மற்ற மூவரும் வேடம் கட்டுவார்கள். சிலுவை வெளி மிதவைகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். கோமதிநாயகம் சார் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார். ஆபிதா மருந்தகத்து நர்ஸ், இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு அம்மா; அவள் வழக்கில் அண்ணன் காக்கா, அக்கா ராத்தா, அதனால் சிலுவை அவளுக்குக் காக்கா, நான் ராத்தா. மேசைக்கு வந்தால் இவர்கள் மாலுமி, மேயர், கடற்கொள்ளைக்காரி. நிஜத்தில் பார்க்கும் வேலையையே வேடமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது மட்டும் பொதுவிதி.

விதிப்புத்தகம் அறுநூற்று நாற்பது பக்கம். அதைத் தேர்ந்தெடுத்த பெருமையும் என்னுடையதுதான். எனக்கு விதிகள் பிடிக்கும். எதற்கும் ஓர் அட்டவணை இருந்துவிட்டால் நிம்மதி. மற்றவர்கள் வாரமெல்லாம் உழைத்துக் களைத்து, கொஞ்சம் சிரித்துவிட்டுப் போகலாம் என்று வருகிறவர்கள் என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

கரையில் இருப்பவர்கள் கேட்பார்கள், வளர்ந்த ஆட்களுக்கு இது என்ன விளையாட்டு என்று. மிதவூரின் நீர்க்கதவுகள், இறைப்பான்கள், மீட்புப் படகுகள் எல்லாவற்றையும் இயக்குவது காப்பான் என்னும் ஏஐ. ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட முடிவை அது தானாக எடுக்கக் கூடாது என்று சட்டம். தண்ணீர் ஏறும்போது ஆளைத் தேடிப்பிடித்துக் கேட்க நேரமிருக்காது. முன்கூட்டியே கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தார்கள், எழுதச் சொன்னால் எல்லோரும் தியாகிகளாகிவிட்டார்கள். அதனால்தான் ஆடச் சொன்னார்கள். விளையாட்டில் மனிதன் தன்னை மறந்து உண்மையைச் சொல்லிவிடுவான் என்பது கணக்கு. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கதவு. மேசையில் நாங்கள் செய்வதைக் கேட்பான் பதிந்துகொள்ளும். கடலில் அதையே எங்கள் பெயரால் காப்பான் செய்யும்.

எங்கள் மேசைக்கு ஒதுக்கியது ஏழாம் மிதவையின் கதவு. அந்தக் கதவுக்கு உள்பக்கம்தான் எங்கள் குடியிருப்பு.

இந்த வருஷம் ஆடிக் காற்றில் ஏழாம் மிதவையின் அடித்தகடு பிளந்தது. அதன் கடைசி முனையில் சிலுவை வேலையில் இருந்தார். அபாய மணி அடித்த நான்காவது விநாடி காப்பான் கதவை மூடிவிட்டது. சிலுவை வெளி ஏணியில் நாற்பது நிமிடம் தொங்கினார். வந்து சேர்ந்த மீட்புப் படகு அலையில் ஏணியோடு மோத, அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

விசாரணையில் காப்பானிடம் காரணம் கேட்டார்கள். அது எங்கள் மேசையின் ஆட்டப் பதிவுகளைப் போட்டுக் காட்டியது. பதினோரு வருஷத்தில் கதையில் கதவு வந்தது நாற்பத்து மூன்று தடவை. நாற்பத்து மூன்று தடவையும் மூடியிருக்கிறோம்.

ஏன் மூடினோம் என்பதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. என் அருமைப் புத்தகத்தில் கதவை மூடுவதற்கு ஒரே ஒரு பகடை வீச்சு. திறந்து வைத்து ஆளைக் காப்பாற்ற ஒன்பது வீச்சு, நான்கு அட்டவணை, நீரோட்டத்துக்கு ஒரு பெருக்கல். முக்கால் மணி நேரம் இழுக்கும். நாலரைக்குப் பொது அடுக்களையில் வடை போடுவார்கள், ஐந்துக்குள் தட்டு காலி. பதிவில் ஒரு குரல் தெளிவாகக் கேட்டது: "மூடித் தொலைங்கக்கா, வடை தீந்துரும்." அது சிலுவையின் குரல்.

விசாரணைக் கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிலுவை மட்டும் தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

புரட்டாசி கடைசியில் அவர் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"யக்கா, திங்கக்கிழம ஏழாம் மிதவைக்கு வேலைக்குத் திரும்பப் போறேன். மழை ஆரம்பிச்சிரும். அந்தக் கதவு என்ன செய்யும்னு தெரியாம என்னால அங்க நிக்க முடியாது."

"மேசைய விட்டுப் போறியளா?"

"போனா மூணு பேரு மேசை செல்லாதுன்னு கலைச்சிருவாங்க. அப்புறம் ஊர்ச் சராசரிதான் கதவுக்கு. அது இன்னும் மோசம். நமக்குத் தோதா ஒரு லேசான ஆட்டம் பாருங்க. எனக்குப் புத்தகம் வேண்டாம்."

மேசை தன் ஆட்டநெறியைத் தானே மாற்றிக்கொள்ளலாம், சட்டத்தில் இடமிருக்கிறது; மாற்றினால் பழைய பதிவுகள் செல்லாது. சனிக்கிழமைக்கு இருந்தது இரண்டு நாள். நான் சோம்பேறி இல்லை, வெள்ளிக்கிழமை ஒரே நாளில் மூன்றை ஆடிப் பார்க்க வைத்தேன்.

முதலாவது சீட்டுக்கட்டு ஆட்டம், விதி முப்பது பக்கம். கோமதிநாயகம் சார் பத்தாவது நிமிடத்தில் அதன் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார். எந்தச் சீட்டைத் தேக்கினால் புள்ளி ஏறும் என்று எல்லோருக்கும் விளக்கத் தொடங்கினார். ஆளைக் காப்பாற்றுவது அதில் நஷ்டம். மூடி வைத்தேன். இரண்டாவதில் பகடையும் கிடையாது, சீட்டும் கிடையாது, பேச்சு மட்டும். அரை மணி நேரத்தில் நாங்கள் ஆட்டத்தை விட்டு நல்லதண்ணீர் வராத கதையைப் பேசிக்கொண்டிருந்தோம். 'முடிவு எதுவும் பதிவாகவில்லை' என்றது கேட்பான்.

மூன்றாவதுக்கு ஒரே ஒரு பக்கம். கரையில் ஒரு கல்லூரி விடுதியில் யாரோ எழுதிப் பொதுவில் விட்டது. சாதாரண ஆறு முகப் பகடை ஒன்று போதும். என்ன செய்வாய் என்பதை உன் வார்த்தையில் சொல். எது போய்விடும் என்று பயப்படுகிறாய் என்பதையும் சொல். நாலும் அதற்கு மேலும் விழுந்தால் நினைத்தது நடக்கும், கீழே விழுந்தால் பயந்தது நடக்கும். மூடினாலும் திறந்தாலும் ஒரு வீச்சுதான். புள்ளி கிடையாது. கடைசியில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: நெறியாள் நிரந்தரம் இல்லை, முறை வைத்து மாற வேண்டும்.

அதை இரண்டு தடவை படித்தேன். பதினோரு வருஷமாக நான் ஒரு தடவைகூட ஆடியதில்லை. தீர்ப்புதான் சொல்லியிருக்கிறேன். கதவை நான் என்ன செய்வேன் என்று காப்பானுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் இதுதான் எங்கள் ஆட்டம் என்பதில் சந்தேகம் வரவில்லை. அன்று சாயங்காலமே பதிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை மூன்று மணி. முதல் முறை சிலுவைக்கு. என் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் அந்த ஒற்றைத்தாளை நீவிவிட்டுக்கொண்டார். எங்கள் மூவருக்கும் கதவுக்காவலர் வேடம்.

"ஒரு மிதவை. தகடு பிளந்துட்டு. கடைசி முனையில ஒரு ஆளு ஓடி வாரான். கதவுகிட்ட தண்ணி முழங்காலு அளவு. சார், நீங்க சொல்லுங்க."

"திறந்தே வைப்பேன்," என்றார் கோமதிநாயகம் சார். கணக்கே போடாமல் அவர் சொன்ன முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும்.

"என்ன போயிரும்னு பயப்படுதிய?"

"உங்க மூஞ்சியப் பாக்குற தைரியம், அண்ணாச்சி." பகடையில் ஐந்து விழுந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்து ஆபிதா. அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள எத்தன பேரு காக்கா?"

"பதினாலு."

"பிள்ளைங்க?"

"இருக்கு."

"அப்ப மூடுவேன்."

சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன். சிலுவையின் முகத்தில் ரத்தம் வற்றியது தெரிந்தது. ஆனாலும் அவர் நெறியாள். கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"உடனேயா?"

புத்தகத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அங்கே இருந்தது திறப்பு, மூடல், இரண்டே கட்டம்தான். ஆபிதா நிமிர்ந்தாள்.

"இல்ல. தண்ணி இடுப்புக்கு வார வரைக்கும் கதவப் பிடிச்சுட்டு நிப்பேன். கத்திக் கூப்பிடுவேன். இடுப்புக்கு வந்துட்டா மூடிருவேன். அதுக்கு மேல என்னால முடியாது காக்கா. பொய் சொல்லச் சொல்லாதீங்க." கண் நிறைந்துவிட்டது. "என்ன போயிரும்னு பயம்னா, அந்த ஆளு, பிள்ளைங்க, ரெண்டும்தான்."

பகடையை அவள் உருட்டவில்லை, வைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். சிலுவை அதைத் திரும்ப எடுத்து அவள் கையில் கொடுத்தார். அடுத்த தடவை மூன்று விழுந்தது. பயந்தது நடக்கும். கதையில் அந்த மனிதன் வெளியே நின்றுபோனான். அதையும் சிலுவைதான் நிதானமாகச் சொல்லி முடித்தார்.

பிறகு என்னிடம் திரும்பினார். 'கடைசி வரை திறந்து வைப்பேன்' என்ற வாக்கியத்தை முந்தின நாளே தயார் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் ஆபிதா அப்படிப் பேசியதற்குப் பிறகு அந்தப் பொய்யைச் சொல்ல மனம் வரவில்லை.

"நானும் இடுப்பு வரைக்கும்தான், சிலுவை," என்றேன்.

அவர் தலையசைத்தார். கோபம் இல்லை. மேசையிலேயே குறைவான நேரம் சொன்னவரின் வார்த்தைதான் கதவுக்குச் செல்லும், அது எல்லா மேசைக்கும் பொது. சற்று நேரத்தில் கேட்பான் கணக்கிட்டுச் சொன்னது: ஏழாம் மிதவைக் கதவு, தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறும் நேரம் வரை திறந்திருக்கும். தொண்ணூறு விநாடி.

"நாலு விநாடியா இருந்தது," என்றார் சிலுவை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆபிதா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் மருந்தகத்து நிறுத்துகடிகாரம். "சிலுவைக் காக்கா அந்த முனையிலேருந்து வர எவ்வளவு நேரம் ஆகும்னு யாருக்காச்சும் தெரியுமா ராத்தா?" யாருக்கும் தெரியாது. நால்வரும் ஏழாம் மிதவைக்குப் போனோம்.

சிலுவை கடைசி முனையில் தன் பாதுகாப்பு வாரின் கொக்கியைக் கழற்றிவிட்டுக் கதவுக்கு ஓடி வந்தார். நூற்று நான்கு விநாடி. பதினான்கு விநாடி அதிகம். ஆபிதா அவர் கிட்டே போய் வாரின் கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது வலது பக்கம் இருந்தது. இல்லாத விரல்களால் அதைக் கழற்றவே பதினைந்து விநாடி போகிறது. அங்கேயே உட்கார்ந்து வாரைப் பிரித்துக் கொக்கியை இடது பக்கத்துக்கு மாற்றித் தைத்தாள், காயத்துக்குத் தையல் போடுகிற அதே நூலால். சாரும் நானும் வழியில் கிடந்த பாசிக் கூடைகளை ஓரம் ஒதுக்கினோம்.

அடுத்த ஓட்டம் எண்பத்தெட்டு. சார் கை தட்டினார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

ஆபிதா தட்டவில்லை. "மழையில பலகை நனைஞ்சிருக்கும்ல," என்றாள். வாளியை எடுத்துக் கடலில் மொண்டு, அந்த முனையிலிருந்து கதவு வரை ஊற்றிக்கொண்டே வந்தாள். உடுப்பு முழுக்க நனைந்துபோனது. பிறகு கதவின் வாசலில் நின்று, ஒரு கையில் கடிகாரத்தோடு மற்றக் கையை வெளியே நீட்டி, "ஓடி வாங்க காக்கா," என்று குரல் கொடுத்தாள்.

தொண்ணூற்று ஐந்து. திரும்பப் போனார். தொண்ணூற்று இரண்டு. மூச்சு வாங்கியது, ஐம்பது வயசு மனிதர். போதும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன், இரண்டு பேரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அவர் மறுபடியும் முனைக்கு நடந்தார். அவள் மறுபடியும் தண்ணீர் ஊற்றினாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் குரல் கம்மிப்போயிருந்தது.

கடைசித் தடவை அவர் வழுக்கியபடியே வந்து அவள் நீட்டிய கையைப் பிடித்தார். அவள் அவரை உள்ளே இழுத்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எண்பத்தொம்போது," என்றாள். கையை இன்னும் விடவில்லை.