தோளில் படிந்த சாயம்

ஹாஜ் பூஷைப் அதுவரை உதவி கேட்டு யார் வீட்டுப் படியும் ஏறியதில்லை. அல் ஜதீதா நகரில், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி மெக்கியின் வீட்டில் உட்கார்ந்தபோதும் அவர் முதுகு நாற்காலியில் சாயவில்லை. வைத்த புதினாத் தேநீர் வைத்தபடி ஆறிக்கொண்டிருந்தது.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். துக்காலாச் சமவெளியில் அவர் குடும்பத்துக் குதிரைக் குழுவைத் தெரியாதவர் இல்லை. விழாக்களில் பன்னிரண்டு குதிரை வீரர்கள் ஒரே வரிசையில் பாய்ந்து வந்து, நீளத் துப்பாக்கிகளை வானத்துக்கு உயர்த்தி ஒருசேரச் சுட வேண்டும். குண்டு கிடையாது, வெறும் வெடிமருந்துதான். பன்னிரண்டும் ஒரே வெடியாகக் கேட்டால் பெயர். ஒன்று பிந்தினாலும் ஊர் சிரிக்கும். போன வெள்ளிக்கிழமை விழாவில் அவர் தம்பி மகன் மாத்தியின் துப்பாக்கி அடிப்பக்கத்தில் வெடித்து, இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. மருந்து அளந்து கொடுத்த அல்லால் காவலில் இருக்கிறான்.

"அப்போ ஆள் கிடைச்சாச்சே. என்கிட்ட எதுக்கு வந்தீங்க ஹாஜியாரே?" என்றார் மெக்கி.

"துப்பாக்கி பழசு, அதான் வெடிச்சுதுன்னு பேசறானுங்க. அது என் பாட்டனார் துப்பாக்கி. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் மேல ஒரு கீறல் போட்டதில்ல. தப்பு மருந்துலதான்னு நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்."

பக்கத்தில் இருந்த மெக்கியின் மைத்துனர் ஹம்மாதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். கலவையில் வெடியுப்பு கூடினால் என்ன ஆகும் என்று விரல்விட்டு விளக்க ஆரம்பித்தார்.

"ஒரே பையிலேருந்துதானே பன்னிரண்டு பேருக்கும் கொடுத்தான்? பதினோரு துப்பாக்கி ஏன் சும்மா இருந்துச்சு?" என்று மெக்கி கேட்டதும் ஹம்மாதி தேநீரைக் குடிக்கத் தொடங்கினார்.

அன்று பிற்பகலே இருவரும் ஹாஜின் வீட்டுக்கு வந்தார்கள். மகன் லார்பி வாசலுக்கே வந்து வரவேற்றான். முற்றத்தில் அவன் மனைவி பதூல், விழாவன்று உடுத்திய வெள்ளை அங்கிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். முறை வருமுன் தூறலில் நெடுநேரம் நின்றார்களாம். அநேகமாக எல்லா அங்கியிலும் வலது தோளில் தவிட்டு நிறத்தில் கறை.

"மூணு தடவை துவைச்சாச்சு, போக மாட்டேங்குது. ஒண்ணே ஒண்ணுதான் முதல் அலசுலயே வெளுத்துச்சு" என்று அவள் யாரையும் பார்க்காமல் முணுமுணுத்தாள்.

விருந்தாளிகள் முன்னால் துணிப் புராணமா என்று ஹாஜுக்கு எரிச்சலாக வந்தது. மெக்கியோ கொடியருகே வேண்டிய நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

துப்பாக்கிகளைப் பற்றிக் கேட்டார். ஹாஜ் பெருமையோடுதான் பதில் சொன்னார். ஆண்டு முழுதும் அவை பெட்டியில் இருக்கும், சாவி லார்பியிடம். குதிரை மேல் ஏறிய பிறகே, மருந்து திணித்த துப்பாக்கியை லார்பி அவரவர் கையில் கொடுப்பான். அது குடும்ப வழக்கம். போன ஆண்டு விழாவில் எதிர்க்குழுவின் துப்பாக்கிகள் பளபளத்ததை ஹாஜால் தாங்க முடியவில்லை. அதனால் இந்த வசந்தத்தில் பன்னிரண்டையும் மராகேஷுக்கு அனுப்பிப் புது வெள்ளித் தகடு போட வைத்தார். கொண்டுபோனவனும் லார்பிதான்.

மெக்கி அங்கிருந்து காவல் நிலையத்துக்குப் போய் அல்லாலிடம் பேசினார், வெடித்த துப்பாக்கியையும் பார்த்தார். மறுநாள் காலை குழுவினர் எல்லாரையும் ஹாஜின் கூடத்தில் கூட்டச் சொன்னார். மருத்துவமனையிலிருந்து மாத்தியும் வந்திருந்தான். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய வாப்பா வந்ததும் எழுந்திருக்க முயன்றான்.

"உக்காருடா" என்றார் ஹாஜ்.

மெக்கி குரலை உயர்த்தாமல் பேசினார். "தலைமுறை தலைமுறையா சுட்ட துப்பாக்கியில, நெருப்பு உள்ள போற துளை தேஞ்சு அகலமா இருக்கும். வெடிச்ச துப்பாக்கியில அது ஊசி மாதிரி சின்னது. இப்பதான் துளை போட்ட மாதிரி விளிம்பு பளிச்சுன்னு இருக்கு. குழலோட அடிப்பக்கம் மரை போட்டு அடைச்சதில்ல, பத்தவெச்சு ஒட்டினது. மாத்தி கையில இருந்தது சுவத்துல மாட்டறதுக்குச் செஞ்ச பொம்மை. சுற்றுலாக்காரங்களுக்கு விக்கிறது. அதுல துளையே இருக்காது. வாங்கினவர் யாரோ துளை போட்டு அதைச் சுட வெச்சிருக்கார்."

"ஒண்ண மட்டுமா மாத்தினாங்க?" என்றார் ஹம்மாதி.

மெக்கி ஈரத் துணி ஒன்று கேட்டார். பெட்டியிலிருந்த துப்பாக்கிகளை வரிசையாகக் கிடத்தி, ஒவ்வொன்றின் கட்டையையும் துடைத்தார். துணி தவிட்டு நிறமாயிற்று. "பழைய அக்ரூட் கட்டைல எண்ணெய் ஊறியிருக்கும், சாயம் போகாது. இது புது மரம், பழசாக் காட்டச் சாயம் பூசியிருக்கு. அன்னைக்குத் தூறல்ல துப்பாக்கியைத் தோள்ல சாச்சுட்டு நின்னீங்க. கறை அப்படி வந்துச்சு."

கடைசித் துப்பாக்கியைப் புதுத் துணியால் துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. அதைக் கையில் ஏந்தினார், மற்றவற்றைவிடக் கனம். "அசல் இது ஒண்ணுதான். கறை படாத அங்கியும் ஒண்ணுதான். யாரோடதும்மா அது?"

கதவோரம் நின்ற பதூல் தலைத்துணியின் முனையைக் கடித்துக்கொண்டாள். அவள் கண் போன இடத்தை எல்லாரும் பார்த்தார்கள்.

"இந்த வருஷம் பாதி அளவு போதும்னு லார்பி சொன்னதா அல்லால் சொல்றான்" என்றார் மெக்கி. "துப்பாக்கி தாங்காதுன்னு தெரிஞ்சவர்தான் அப்படிச் சொல்வார். முழு அளவுல மத்த பத்து பொம்மையும் வெடிக்காம தப்பிச்சது அதிர்ஷ்டம். முழு அளவு போடச் சொன்னது..."

"நான்தான்." என்றார் ஹாஜ். கல்யாணப் பட்டாசா கொளுத்தறோம் என்று அத்தனை பேர் முன்னாலும் அல்லாலை ஏசியது அவருக்கு நினைவிருந்தது. அந்த வசவைத்தான் இத்தனை நாளும் அவர் யாரிடமும் சொல்லாமல் இருந்தார்.

லார்பி தரையைப் பார்த்தபடி பேசினான். "பன்னிரண்டு குதிரை வேணும்னீங்க. சேணத்துல ஜரிகை வேணும்னீங்க. எதிராளியைவிட ஒரு பிடி தூக்கலா இருக்கணும்னீங்க. எங்கேருந்து வருதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா வாப்பா? அசல் பதினொண்ணையும் மராகேஷ்ல ஒரு பழம்பொருள்காரன் ஆசையா வாங்கிக்கிட்டான். இந்தப் பொம்மைங்களுக்கு நானே துளை போட்டேன், பாதி மருந்து வெச்சு எல்லாத்தையும் சுட்டுப் பாத்தேன். தாங்குச்சு."

"உன்னோடத மட்டும் ஏன்டா விக்கல?" என்று மாத்தி கேட்டான். கோபமே இல்லாமல் கேட்டான்.



ஹாஜ் எழுந்து முற்றத்துக்குப் போனார். கொடியில் கழுத்துப் பட்டியில் பட்டு வேலை செய்த அங்கி ஒன்றுதான் உண்டு. வரிசையின் நடுவில் தலைவராக நிற்கும் அவருடையது. அதை இழுத்துப் பிரித்தார். வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குத் தவிட்டுக் கறை. மூன்று முறை துவைத்தும் போகாத கறை. அந்தத் துப்பாக்கியைத் தன் கையாலேயே அவரிடம் நீட்டி, குனிந்து அவர் முழங்காலை முத்தமிட்டவன் மகன்தான்.

"நான் இப்போ போலீஸ் இல்ல ஹாஜியாரே" என்றார் பின்னால் வந்த மெக்கி. "வெடிச்சது ஒண்ணுதான் அவங்ககிட்ட இருக்கு. இந்தப் பெட்டியை அவங்க பாக்கல. நீங்க சொல்றதுதான் நிக்கும்."

அல்லாலின் பெயர் அந்த முற்றத்தில் சொல்லப்படாமலே நின்றது. அவன் ஒருவன் உள்ளே கிடந்தால், ஹாஜின் பாட்டனார் பெயரில் தூசு படாது.

பதூல் ஓடி வந்தாள். "கொடுங்க மாமா, எலுமிச்சை போட்டுத் தேச்சுத் தரேன்."

"வேண்டாம்மா." அவர் அந்த அங்கியைத் தலைவழியே போட்டுக்கொண்டு, தோளைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டார். கூடத்தின் பக்கம் திரும்பினார். முதுகு எப்போதும்போல நிமிர்ந்துதான் இருந்தது.

"லார்பி, பெட்டியத் தூக்கி வண்டில வை. நீயும் ஏறு. ஸ்டேஷனுக்குப் போறோம்."