வளரும் முகம்

“காலை நல்லா உள்ளுக்கு விடுங்கோ.”

“விட்டுத்தானே இருக்கிறன். செருப்புச் சுருங்கிப் போச்சு. வெயிலுக்கை வைச்சனீரோ?”

“செருப்புச் சுருங்கிறதோ? உங்களுக்குத்தான் கால் வளருது. முப்பத்தெட்டு வயசிலை வளருற ஆளை இப்பதான் காணுறன்.”

பாக்கியரத்தினம் சிரித்தாள். அவளுடைய கணவன் சோமசேகரமும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் வழக்கமாகச் சிரிக்கும் இடத்திலிருந்து வரவில்லை. இன்னும் கீழே, நெஞ்சுக்கும் அடியில் எங்கோ இருந்து வந்தது. அவள் குசினிக்குத் திரும்பி, அடுப்பில் கொதிக்கிற சோற்றைப் பார்த்துக்கொண்டு, முன்னர் அவன் எப்படிச் சிரிப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில், அவர்களுடைய ஊரான உப்புவெளியின் ஆண்களை லொறிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சோமசேகரம் மாரிகாலம் முழுவதும் முகாமில் இருந்தான். பிறகு ஒரு மத்தியானம் படலையைத் திறந்துகொண்டு வந்தான். தாடியும், உள்ளே போன கண்களுமாக நின்றவனைக் கிணற்றடியில் இருத்தி அவள் முழுகவார்த்தாள். அங்கே நடந்ததை அவன் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. போனவர்களில் பலர் வரவேயில்லை; வந்தவனைப் பார்த்து என்ன கேட்பது?

செருப்புக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கல்யாண மோதிரம் விரலில் புதைந்து, சவர்க்காரம் போட்டும் கழலாமல், ஆசாரி வெட்டி எடுத்தார். அரசாங்கக் கச்சேரியில் தட்டெழுத்தாளனாக இருந்தவனுக்கு விரல்கள் தடித்து, ஒரு எழுத்தை அடித்தால் இரண்டு விழுந்தன. பற்கள் ஒன்றையொன்று விட்டு விலகின. தாடையும் நாடியும் முன்னுக்கு வந்தன. புருவ எலும்பு மேடாகி, கண்களுக்கு மேல் எப்போதும் ஒரு நிழல் விழுந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அவன் படுத்துக் கிடக்கும்போது, வேர்வையின் புது வாசனை, துருவும் ஈரத்துணியும் கலந்தது போன்றது, அறை முழுவதும் பரவும்; குறட்டை மேலேறி மேலேறி, சட்டென்று நிற்கும்; அந்த மௌனத்துக்குள், துறைமுகத்துக்குள் சுழியோடிகள் குண்டோடு நீந்தி வராமலிருக்கக் கடற்படை தண்ணீருக்கடியில் போடும் வெடி தூரத்தில் அதிர, அலுமாரிக்குள் பீங்கான்கள் ஒன்றோடொன்று மெல்ல உரசும். பிறகு மூச்சு, எங்கோ போய்விட்டு வந்ததைப்போல, திரும்பவும் அந்த உடம்புக்குள் இறங்கும்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. போனவன் வேறு. வந்தது வேறு.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஸைனுலாப்தீன் நல்ல மனிதர். சோமசேகரத்தின் பழைய படமொன்றை வாங்கி முகத்தருகே பிடித்துப் பார்த்தார். தலையை எக்ஸ்ரே எடுப்பித்தார். சீனித்தண்ணீர் குடிக்கக் கொடுத்து, இடையிடையே இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று இருவரையும் இருத்திச் சொன்னார்.

“மூளைக்குக் கீழ கடலை அளவில ஒரு சுரப்பி இருக்கு, பிட்யூட்டரி எண்டு. அதின்ட முன்பக்கத்தில ஒரு கட்டி. வளர்ச்சிக்கான ஹோர்மோன் சீனி குடிச்சா அடங்கவேணும். இவருக்கு அடங்கல்ல. வளரு வளரு எண்டு சொல்லிக்கொண்டே இருக்கு.”

“என்ன செய்யிறது டொக்டர்?”

“குளிசை தாறன், அது கொஞ்சம் அமத்தும். கட்டியக் கொழும்பில மூக்குக்குள்ளால போய் எடுப்பாங்க.”

“மூக்குக்குள்ளாலையோ?” என்றான் சோமசேகரம். “அப்ப மூக்குப் பெருத்ததும் நல்லதுக்குத்தான்.”

டொக்டர் சிரிக்கவில்லை. “கட்டி கண் நரம்புல முட்டுது. ரெண்டு பக்கப் பார்வையும் குறையத் தொடங்கிட்டு. இந்த மாசத்துக்குள்ள போங்க. பார்வை முழுக்கப் போனா, பிறகு வெட்டியும் பிரயோசனமில்ல.”

“இது எப்ப தொடங்கினது?” என்று பாக்கியரத்தினம் கேட்டாள்.

“அது சொல்ல ஏலாதம்மா. பத்து வருசமாவும் இருக்கலாம். மெல்ல மெல்ல மாறுறதால பக்கத்தில இருக்கிறவங்களுக்குத் தெரியாது.”

அவளுக்குத் தெரியும். படலை திறந்த மத்தியானம்.

கொழும்புக்குப் போகவேண்டுமென்றால் அடையாள அட்டை வேண்டும். அட்டையில் இருந்தவன் ஒடுங்கிய முகத்து இளைஞன். புது அட்டைக்குக் கிராம சேவகர் கையொப்பமிட்டார். ஆனால் அட்டை கொழும்பிலிருந்து வர மாதக்கணக்கு ஆகும். கண் அதுவரை பொறுக்காது. பழைய அட்டையோடு டொக்டரின் கடிதத் துண்டும் எக்ஸ்ரேயும் போதும் என்றான் சோமசேகரம்.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் தேத்தண்ணீரோடு அவனுடைய கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவன் நேரே முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. அவள் இன்னும் கிட்டப் போனாள். கன்னத்து எலும்பு. தடித்த உதடு. நாடி. ஒரு கை தூரம்.

“பாக்கியம்,” என்று அவன் குசினிப் பக்கமாகக் கூப்பிட்டான்.

அவள் மூச்சுவிடவில்லை. அவள் பெயர் அதற்கு எப்படித் தெரியும்?

பஸ் காலையில் வெளிக்கிட்டது. சீனன்குடா தாண்டியதும் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். வெயில். தார் இளகும் மணம். சனங்கள் அட்டைகளை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி ஒவ்வொருவராக நடந்தார்கள். சோமசேகரத்தின் அட்டையை வாங்கிய சிப்பாய் படத்தைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். மறுபடியும் படத்தை. சிங்களத்தில் ஒருவனைக் கூப்பிட்டான். இன்னும் இருவர் வந்தார்கள். டொக்டரின் துண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒருவன் எக்ஸ்ரேயை உறையிலிருந்து இழுத்து வானத்துக்கு நேரே பிடித்தான். வெயிலுக்குள் ஒரு மண்டையோடு வெள்ளையாகத் தொங்கியது. அதன் நடுவில், இருக்கக்கூடாத அளவுக்குப் பெரிய ஒரு பள்ளம்.

பஸ்ஸின் இயந்திரம் நின்றது.

சிப்பாய்களுக்குப் பெரியவன் பாக்கியரத்தினத்திடம் வந்தான். தமிழ் தெரிந்தவன். “அம்மா, பயப்பட வேணாம். இந்த ஆள் உங்க புருசனா? ஆமா எண்டு சொன்னா ரெண்டு பேரும் போகலாம்.”

ஒரு சொல்தான். ஓம். அவள் வாயைத் திறந்தாள். மண்டையோடு இன்னும் வெயிலில் ஆடியது. அதற்குக் கீழே அந்த முகம். அந்தப் பற்கள். அந்த நெற்றி நிழல். நிழலுக்குள் இருந்து எதையோ தேடும் இரண்டு கண்கள்.

திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

“அம்மா?”

சனம் பார்த்தது. ஒருவரும் அசையவில்லை. பெரியவன் அவளை விட்டுத் திரும்பினான். இரண்டு சிப்பாய்கள் சோமசேகரத்தின் முழங்கைகளைப் பிடித்தார்கள். கைகள் மேலே போயின. பெரிய கைகள். யாருடையவோ கைகள்.

அவன் தலையை இங்கும் அங்கும் திருப்பினான். அவள் பக்கத்தில்தான் நின்றாள். அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஓரிடத்தில் நிறுத்தி, ஒருவரும் நிற்காத அந்த வெறும் தார்றோட்டைப் பார்த்து, இடைவெளி விழுந்த பற்கள் தெரியச் சிரித்தான்.

“பாக்கியம், பயப்பிடாதையும். நான்தான் எண்டு ஒருக்காச் சொல்லும்.”