காரோடு ஓடிப்போனவன்

போன் அலறியது!

டெய்லரம்மா மெஷினை நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்கே கல்யாணம். ரெஜிஸ்டர் ஆபீஸில், சத்தமில்லாமல். தன் ரவிக்கையைத் தானே தைத்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி அலறியது. எடுத்தாள்.

“அம்மா, இன்ஸ்பெக்டர் பேசறேன். கல்குவாரியில தண்ணி வத்திடுச்சு... ஒரு நீலக் கார் தெரியுது. நம்பர் உங்க வீட்டுக்காரரோடது.”

“உள்ளே... ஆள் இருக்கா?”

“நீங்க வாங்க.”

எட்டு வருஷம்!

காரோடு ஒருத்தன் காணாமல் போனால் ஊர் என்ன சொல்லும்? எவளையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று சொல்லும். சொன்னது. இதே இன்ஸ்பெக்டர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். கடைசியில் அவளும் நம்பித் தொலைத்தாள். அந்த வெறுப்பில்தான் கொழுந்தனுக்குக் கழுத்தை நீட்டச் சம்மதித்தாள்.

கொழுந்தன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். விஷயம் கேட்டதும் காரை எடுத்து வந்தார். அவள் ஏறியதும் பெல்ட்டை மாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

குவாரியில் கிரேன் உறுமியது. சேறு வழிய வழிய கார் மேலே வந்தது...

டிரைவர் சீட்டில் எலும்புக்கூடு!

டெய்லரம்மாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பாவி மனுஷன், என்னை விட்டுட்டுப் போகலை! அப்புறம்தான் அழுகை வந்தது. அடக்க முடியாமல் வந்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தார். “தூக்கக் கலக்கத்துல உள்ளே விட்டிருக்கார். ஆக்சிடெண்ட்தான். ஃபைலை மூடிடலாம்.”

“நீங்க திறக்கவே இல்லையே சார், மூடறதுக்கு!”

கிட்டே போய் எட்டிப் பார்த்தாள். திடுக்கிட்டாள்.

எலும்புகளுக்குக் குறுக்கே சீட் பெல்ட்... ஒழுங்காக மாட்டியபடி!

“சார், இவருக்கு பெல்ட்டே ஆகாது. மூச்சு முட்டுதுன்னு சண்டை போடுவார். ஒருநாள்கூடப் போட்டதில்லை.”

“அன்னைக்குப் போட்டிருப்பாரும்மா...”

“போட்டிருக்கமாட்டார்.” மெல்லத் திரும்பினாள். “தம்பி, உங்க பக்கத்துல யார் உட்கார்ந்தாலும் பெல்ட்டை மாட்டிவிட்டுட்டுத்தானே வண்டியைக் கிளப்புவீங்க? இப்பகூட எனக்கு நீங்கதான் மாட்டிவிட்டீங்க.”

மாஸ்டர் ஓரடி பின்வாங்கினார்.

“செத்த ஆளுக்கு எதுக்கு தம்பி பெல்ட்?”

“கை தானாப் போயிடுச்சு அண்ணி... பழக்க தோஷம்!”

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது!

ஓடப் பார்த்தார். கான்ஸ்டபிள் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

“உங்க மேல இருந்த ஆசைதான் அண்ணி! உங்களை நான் கண்கலங்காம பார்த்துக்கலையா?”

“பார்த்துக்கிட்டீங்களே! ‘காணவில்லை’ போஸ்டர் ஒட்டப் போனப்ப பசை வாளியைத் தூக்கிட்டு என் பின்னாலேயே வந்தீங்களே! எங்கே இருக்கார்னு தெரிஞ்சுக்கிட்டே வந்தீங்களே!” குரல் உடைந்தது. “ஓடிப்போனவன்னு அவரை நானே திட்டினேன்டா...”

மாஸ்டரை ஜீப்பில் தள்ளினார்கள். இன்ஸ்பெக்டர், வராத மரியாதையை வரவழைத்துக்கொண்டு அருகில் வந்தார்.

“நீங்களும் ஏறுங்கம்மா. வீட்டுல விட்டுடறேன்.”

டெய்லரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“வேணாம் சார், நடந்தே போறேன். எங்க குடும்பத்துல வண்டியேறினவங்க யாரும் வீடு திரும்பறதில்லை!”